தாக்கியவர்

பிப்ரவரி 4

அன்புள்ள அத்தைக்கு,

அப்பாவின் கையெழுத்து இல்லையே என்று பதற வேண்டாம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இனி வருவது அப்பாவின் பேச்சு.

அன்புள்ள பாப்பா,

நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? அவருடைய முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது? இங்கே எனக்கு ஒரு சின்ன விபத்து. போன வியாழக்கிழமை மாலை ஆறு மணி இருக்கும். கடையிலிருந்து திரும்பி மாடிப்படி ஏறும்போது திருப்பத்தில் யாரோ ஒருவர் தாக்கிவிட்டார். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்திருக்கிறது. புருவத்துக்கு மேல் நான்கு தையல். தாக்கியவர் யார் என்று தெரியவில்லை. படியில் விளக்கு எரியவில்லை. எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

மாவுக்கட்டு ஆறு வாரம் இருக்குமாம். கடை முதலாளி நல்லவர், "கை சரியானதும் வாங்க, உங்க ஸ்டூல்ல யாரும் உட்கார மாட்டாங்க" என்றார். மூக்குக் கண்ணாடியில் எள் அளவு திருகாணியைப் பூட்ட இரண்டு கையும் வேண்டுமே. அதுவரை வீட்டில்தான். சின்னு நன்றாகப் பார்த்துக்கொள்கிறான். ஊட்டி விடுகிறான், தலை சீவி விடுகிறான். நீ கவலைப்படாதே. புறப்பட்டு வர வேண்டாம்.

அண்ணன்

அத்தை, அப்பாவுக்கு இப்போது காய்ச்சல் இல்லை. மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.
சின்னு


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கும், கடிதம் எழுதித் தந்த என் மருமகனுக்கும்,

நேற்றுதான் கடிதம் வந்தது. படித்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மாமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் முழங்கால் தன் பாட்டுக்கு இருக்கிறது, அதை விடுங்கள். உன் கை எப்படி இருக்கிறது? விரல்கள் அசைகிறதா? வீக்கம் இருந்தால் தலையணை மேல் உயர்த்தி வை.

அடிபட்டவனிடம் சிரிப்பது பாவம்தான். இருந்தாலும் ஒரு வார்த்தையில் சிரிப்பு வந்துவிட்டது. 'தாக்கியவர்' என்று சொல்லியிருக்கிறாயே! கையை உடைத்தவனுக்கு என்ன மரியாதை அண்ணா? பள்ளிக்கூடத்தில் உன் சைக்கிள் காற்றைப் பிடுங்கிவிட்டவனை "எந்தக் கழிசடைடா அது" என்று தெரு முழுக்கத் தேடியவன் நீ. வயது ஆக ஆகப் பெரிய மனிதனாகிவிட்டாய் போலிருக்கிறது.

எனக்கு இங்கே நீதிமன்றத்தில் தினமும் அந்த வார்த்தையோடுதான் மல்லுக்கட்டு. இந்த ஊர் மொழியில் அடித்த ஆளுக்கு ஒரு சொல் இருக்கிறது. அதை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. மரியாதையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. அதைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறேன். தாக்கியவனா, தாக்கியவளா, தாக்கியவரா? வழக்கு முடியும்வரை 'அவர்'தான் என்று எனக்கு உத்தரவு. நேற்றுகூட ஒரு அம்மாள் சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டு என் மேல் எரிந்து விழுந்தாள். "அவர் இவர்னு சொல்லாதீங்க மேடம், என் புள்ளையக் கொன்னவன் அவன்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு 'அவர்' என்றேன்.

சரி, என் கதை போகட்டும். காவல் நிலையத்தில் சொன்னீர்களா? யார் உன்னை முதலில் பார்த்தது? மாடிப்படி விளக்கை உடனே சரிசெய்யச் சொல். எதையும் எடுக்காமல் ஒருவன் ஏன் அடித்தான் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. உனக்கு யாரோடும் பகை கிடையாதே.

மருமகனே, அப்பாவை நீ கவனித்துக்கொள்வது எனக்குப் பெரிய தைரியம். உன் அம்மா இருந்தால் செய்ய வேண்டியதை நீ செய்கிறாய்.

உங்கள் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
பாப்பா


மார்ச் 2

அன்புள்ள அத்தைக்கு,

நலம். அப்பா சொல்ல நான் எழுதுகிறேன்.

பாப்பா, உன் கடிதம் கிடைத்தது. விரல்கள் அசைகின்றன. காவல் நிலையத்துக்கு நான் போகவில்லை. கீழ்வீட்டு நர்ஸம்மாதான் பேச்சு வாக்கில் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இருட்டாக இருந்தது, ஆளைப் பார்க்கவில்லை, உயரமான ஆள் போலிருந்தது என்று சொன்னேன். அன்று சாயங்காலம் மாடிப்படியில் யாரைப் பார்த்தீர்கள் என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள். பழைய பேப்பர் வாங்க வருகிறவரைப் பார்த்ததாக ஒருவர் சொல்லியிருக்கிறார். தோளில் கோணியோடு வருவாரே, எல்லோரும் கோணிக்காரர் என்போமே, அவர். பிப்ரவரி இருபத்தாறாம் தேதி அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜாமீன் எடுக்க அவருக்கு ஆள் இல்லையாம்.

எனக்கு வழக்கு எதுவும் வேண்டாம் என்று சொன்னேன். அது இனிமேல் எங்கள் வேலை என்கிறார்கள். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அத்தை, அப்பா சோர்வாக இருக்கிறார். இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். கையெழுத்தை மட்டும் நானே போடுவேன் என்று இடது கையால் கிறுக்குகிறார்.
சின்னு

அண்ணன். பாப்பா, கோணிக்காரர் இல்லை.


மார்ச் 12

அண்ணாவுக்கு,

இதைக் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். முதலாளியிடம், உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று உறையின் மேலேயே எழுதியிருக்கிறேன். நாங்கள் நலம். உன்னிடம் எப்படி நலம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

கையெழுத்துக்குப் பக்கத்தில் நீ கிறுக்கிய இரண்டு வார்த்தையை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முகத்தைப் பார்க்காதவனுக்கு, அவர் இல்லை என்று மட்டும் எப்படித் தெரியும்? அவர் இல்லை என்று தெரிந்தால், யார் என்றும் தெரியும்.

பத்தொன்பது வருஷமாக மற்றவர்கள் வாயில் வருவதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வதுதான் என் வேலை. ஒருவர் எதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார் என்பதும் காதில் விழுந்துவிடுகிறது. இரண்டு கடிதத்திலும் மாடிப்படி வருகிறது, விளக்கு வருகிறது, நர்ஸம்மா வருகிறார். அந்த நேரத்தில் சின்னு எங்கே இருந்தான் என்று ஒரு வரி இல்லை. உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது யார் என்றும் இல்லை.

நான் கேட்க நினைப்பதை எழுதக் கை வரவில்லை அண்ணா. நான் நினைப்பது தப்பு என்று ஒரு வரி எழுது. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

பாப்பா


மார்ச் 29

அன்புள்ள பாப்பா,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து குடித்தவன் நடை மாதிரி போகும், பொறுத்துக்கொள். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு பாதிதான் மடங்குகிறது. வீட்டில் இருக்க முடியாமல் கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறேன். நாலு நாளாக இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

நீ நினைப்பது தப்பில்லை.

மாடிப்படி பொய். நடந்தது எங்கள் கூடத்தில். அன்று அவன் நாலாவது வேலையையும் விட்டுவிட்டு வந்திருந்தான். பேட்டரிக் கடையில் மேலாளர் எல்லோர் எதிரிலும் ஏதோ சொல்லிவிட்டாராம். நான் அப்போதுதான் உள்ளே நுழைந்தேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உங்கம்மா போய்ச் சேந்தது நல்லதாப் போச்சு, இந்தக் கண்றாவியெல்லாம் பாக்காம" என்றேன். அவள் செத்த இரண்டு வருஷத்தில் அவளைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான். என் கையைப் பிடித்து முறுக்கினான். மளுக்கென்று சத்தம் கேட்டது. பிறகு தள்ளினான். கதவு நிலையில் முகம் மோதியது.

இது முதல் தடவை இல்லை. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று உனக்கு எழுதினேனே, அதுவும் அவன்தான். அதற்கு முன் ஒரு தடவை கன்னத்தில்.

ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினதும் அவன்தான் பாப்பா. வழியெல்லாம் அழுதான். டாக்டர் தையல் போட்டுக்கொண்டே "யாரு சார் அடிச்சது?" என்று கேட்டார். சின்னு என் மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அதில் ஒரு பக்கம் லென்ஸ் இல்லை. அவன் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். "யாரோ ஒருத்தர் டாக்டர். படில. இருட்டு" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டான். அன்றைக்கு மூடினது, இதுவரை அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

தாக்கியவன் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் அவன் பெயரை எழுத வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும். அவனுக்கு ஒன்பது வயது. கடையிலிருந்து நான் கொண்டுவந்த லென்ஸ் அளக்கும் கருவியை விளையாட எடுத்து உடைத்துவிட்டான். நான் பெல்ட்டை உருவினேன். லீவுக்கு வந்திருந்த நீயும் அன்று வீட்டில் இருந்தாய். எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. அவன் எண்ணியிருப்பான். அன்றைக்கு என்னை யாரும் தாக்கியவன் என்று சொல்லவில்லை. அப்பா கண்டித்தார் என்றார்கள். இன்றைக்கு அவனுக்கு மட்டும் அந்தப் பெயரை நான் எப்படி வைப்பேன்?

கோணிக்காரர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். என்ன செய்வது என்று நீ சொல்.

அண்ணன்


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். யார் கையிலும் கிடைக்கக் கூடாது என்று கிழித்தேன். ஆனால் ஒவ்வொரு வரியும் மனப்பாடமாகிவிட்டது. வலது கையில் உணர்ச்சி இருக்கிறதா? வேறு ஒரு டாக்டரிடமும் காட்டு.

ஆமாம், அன்று நான் வீட்டில் இருந்தேன். பெல்ட் சத்தம் கேட்டது. துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனதாக அண்ணியிடம் சொன்னேன். அவளும் அடுப்படியில்தான் நின்றாள். உன்னைத் திட்ட எனக்கு அருகதை இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் திட்டத்தான் போகிறேன்.

நீ சின்னுவைக் காப்பாற்றவில்லை. டாக்டரிடம் 'யாரோ ஒருத்தர்' என்று ஒரு காலி நாற்காலியைப் போட்டாய். அது ரொம்ப நாள் காலியாக இருக்காது. கோணியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு மனிதரைப் பிடித்து அதில் உட்கார வைத்துவிட்டார்கள். இன்றைக்கு நாற்பத்தொரு நாள் ஆகிறது. அவருக்கும் வீடு இருக்கும். அந்த வீட்டுக்கும் தபால் போகும். என்ன எழுதுவார் அவர்?

நீ அன்று அடித்தது தாக்குதல்தான். அதற்கு அந்தப் பெயரை வைக்க நம் வீட்டில் யாருக்கும் தைரியமில்லை, அவ்வளவுதான். அதை வேண்டுமானால் நீ சின்னுவிடம் சொல். மன்னிப்பும் கேள். ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்க அவன் உன் கையை முறிக்கலாம் என்று ஆகிவிடாது. வேறு ஒருவர் ஜெயிலில் இருக்கலாம் என்றும் ஆகிவிடாது.

போய்ச் சொல்லிவிடு அண்ணா. கெஞ்சிக் கேட்கிறேன். ஆகஸ்டில் எனக்கு விடுமுறை. வருகிறேன். ஆனால் அதுவரை காத்திராதே.

பாப்பா


ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணா,

மூன்று வாரமாகிறது, ஒரு வரி இல்லை. எதிர்த்த மருந்துக் கடைக்கு போன் போட்டேன். அங்கே நாலு பேர் நின்று கேட்பார்கள் என்று தெரிந்தும் போட்டேன். "கூப்பிட்டுப் பாத்தோம்மா, தலை வலிக்குதாம், கீழ எறங்கி வரலை" என்றார்கள்.

நீ நலமா என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பாப்பா


மே 6

அத்தைக்கு,

அப்பா உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கு எழுத முடியாமல் இருக்கிறார். நீங்கள் ஏப்ரல் எட்டாம் தேதி எழுதியதைப் படித்துவிட்டேன். அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் இருந்தது. படித்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. பையில் திரும்ப வைத்ததைப் பார்த்து அவருக்கே தெரிந்திருக்கும், ஏனென்றால் மடிப்பு மாறிவிட்டது.

முதல் கடிதத்தில் அப்பா சொன்னது 'தாக்கியவர்' இல்லை அத்தை. "எவனோ ஒரு நாய் அடிச்சிட்டான்னு எழுதுடா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். நாய் என்று எழுதினால் தாங்கிக்கொண்டிருப்பேன். 'எவனோ' என்று என்னை நானே எழுத முடியவில்லை. முன்பு ஊருக்கு வந்தபோது நீங்கள் நீதிமன்றத்தைப் பற்றிச் சொல்லிக் கேட்ட வார்த்தை ஞாபகம் வந்தது, அதைப் போட்டேன். நீங்கள் சிரித்ததாக எழுதியிருந்ததை நான்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

இப்போதெல்லாம் நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் டம்ளரைப் பார்ப்பதில்லை. என் கையைப் பார்க்கிறார்.

இரண்டு தடவை காவல் நிலையம் வரைக்கும் போனேன். வாசலில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் கோணிக்காரர் மனைவி உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவையும் அவரேதான். என்னிடம், "தம்பி, உள்ள எழுத வேண்டியதை எழுதித் தர ஆள் இருக்குதா?" என்று கேட்டார். நான் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என்ன எழுத வேண்டும் என்று தெரியாமல்தான் இதை எழுதினேன். மாமாவுக்கு என் அன்பு.

சின்னு


மே 14

என் மருமகனே,

உன் கடிதத்தை மாமாவும் படித்தார். உடனே எழுந்து உனக்குத் தபால்தலை வாங்கப் போனார்.

உன்னைத் தேற்றுகிற மாதிரி என்னிடம் எதுவும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். நீதிமன்றத்தில் பல பேருக்காக நான் பேசியிருக்கிறேன். அடித்தவர்களுக்கும் பேசியிருக்கிறேன். அவர்கள் வாயிலிருந்து 'அடிச்சிட்டாங்க', 'நடந்துபோச்சு', 'கை பட்டுடுச்சு' என்று வரும். யாரோ எங்கிருந்தோ வந்து செய்த மாதிரி இருக்கும். நான் அப்படியே மாற்றிச் சொல்வேன். 'நான் அடித்தேன்' என்று சொன்ன ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களை எனக்கு இன்னும் முகம் முகமாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்த தடவை அந்த அம்மாவைப் பெஞ்சில் பார்த்தால் தாண்டி உள்ளே போ. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. அவர் வர மாட்டேன் என்றால் தனியாகப் போ.

முத்தங்களுடன்,
அத்தை


ஜூன் 10

அன்புள்ள பாப்பா,

இத்தனை நாள் எழுதாததற்கு என்னை நீ எது சொன்னாலும் தகும். வலது கையால்தான் எழுதுகிறேன். பத்து வரிக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டியிருக்கிறது.

மே இருபத்திரண்டாம் தேதி காலையில் சின்னு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "அப்பா, நான் போறேன். நீங்களும் வந்தா நல்லாருக்கும்" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. நடத்துனரிடம் அவனே இரண்டு சீட்டு வாங்கினான். பாதி வழியில் நான் பெல்ட்டைப் பற்றிப் பேசினேன். "அன்னைக்கு நான் உன்னை அடிச்சிருக்கக் கூடாதுடா. அது கண்டிப்பு இல்ல" என்றேன். அவன் முன் இருக்கைக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "பதினேழுப்பா" என்றான்.

அங்கே வாக்குமூலம் எழுதுகிறவருக்கு என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடி கோணலாக இருந்தது. என் கை பரபரத்தது, நிமிர்த்திக் கொடுக்க. அவர் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தாக்கியவர் யாருன்னு இப்ப தெரியுமா?"

"தெரியும் சார்."

"உங்களுக்கும் அவருக்கும் என்ன உறவு?"

"மகன்."

பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "இவரா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சின்னு, "ஆமா சார். நான்தான் அடிச்சேன்" என்றான். நீ அவனுக்கு எழுதியதைப் பிறகுதான் படித்தேன், நீ சொன்ன மாதிரியே சொன்னான் பாப்பா. அடித்தேன் என்றான். அங்கேயே அவனை உட்கார வைத்துக்கொண்டார்கள். நான் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் யாரோ காய்கறிப் பையை வைத்தார்கள்.

கோணிக்காரரை மறுநாள் விட்டுவிட்டார்கள். எண்பத்தாறு நாள். நான் அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். தகரக் கூரை வைத்த ஒரே அறை. உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீங்க என் பேரைச் சொல்லலையே சார், யாரோன்னுதானே சொன்னீங்க. அதனால உங்க மேல எனக்கு வருத்தமில்லன்னு சொல்ல ஆசைதான். வர மாட்டேங்குது" என்றார். அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

அதற்குப் பிறகும் அவருக்கு எங்கள் தெருவில் யாரும் கதவு திறக்கவில்லை. பிடித்துப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். விட்டுவிட்டதை யார் பார்த்தார்கள்? அடித்த ஆள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மருந்துக் கடையில் ஒரு சின்னப் பெண் அவரைப் பார்த்ததும் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அடிச்ச மாமா" என்றாள். அது கேட்ட பிறகு நான் வீட்டில் உட்காரவில்லை. எங்கள் தெருவில் பத்தொன்பது வீடு. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினேன். "என்னை அடிச்சது அவர் இல்லீங்க. என் மகன்தான்" என்று சொன்னேன். சிலர் உள்ளே கூப்பிட்டார்கள். சிலர் பாவம் என்று உச்சுக் கொட்டினார்கள். ஒரு வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்காமலே கேட்டுக்கொண்டார்கள். முதல் வீட்டில் சொல்லி முடிக்க மூன்று தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கடைசி வீட்டில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் அவர்கள் அந்த அறையைக் காலி செய்துவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

அண்ணன்


ஜூலை 1

அன்புள்ள அண்ணா,

இதைப் படிக்கும்போது நீ சாப்பிட்டிருக்கிறாயா? இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டு வந்து படி.

நீ செய்தது சரி. அதைச் சொல்ல உனக்கு ஒரு தங்கையாவது வேண்டும் என்பதால் சொல்கிறேன். ஆகஸ்ட் மூன்றாம் தேதிக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். மாமாவும் வருகிறார், முழங்காலைத் தூக்கிக்கொண்டு.

நேற்று ஒரு வழக்கில் 'தாக்கியவர்' என்ற அந்த வார்த்தை வந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு நாக்கு எழவில்லை. நீதிபதி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

பாப்பா


அக்டோபர் 18

அன்புள்ள பாப்பா,

நீயும் மாப்பிள்ளையும் பத்திரமாக ஊர் சேர்ந்த கடிதம் கிடைத்தது. வீடு நீங்கள் போனதிலிருந்து வெறிச்சென்று இருக்கிறது. நீ அலமாரியில் வைத்துவிட்டுப் போன மருந்தைத் தேய்க்கிறேன், மணிக்கட்டு முன்னைவிடத் தேவலை. கடையில் திருகாணி வேலை எனக்கு இனி வராது. லென்ஸ் துடைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுக்கிறேன்.

நீ இங்கே இருந்தபோதே பத்து மாதம் தண்டனை சொல்லிவிட்டார்கள் அல்லவா. போன சனிக்கிழமைதான் அவனைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அடிபட்டவர் அடித்தவரைப் பார்க்க வேண்டுமானால் மேலே எழுதிக் கேட்க வேண்டுமாம். வாசலில் ஜன்னலுக்குள் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவருக்கு நீங்க என்ன வேணும்?"

"அப்பா."

"இதுல பாதிக்கப்பட்டவர்னு போட்டிருக்கே?"

"அதுவும் நான்தாம்மா."

"ஒண்ணுதான் எழுத முடியும் சார். கட்டம் ஒண்ணுதான் இருக்கு."

அவளாகவே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'அப்பா' என்று எழுதிக்கொண்டாள்.

இளைத்திருக்கிறான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். அங்கே துணி தைக்கிற இடத்தில் வேலையாம். யாரும் தொந்தரவு செய்வதில்லை என்றான். நீங்கள் வந்து போனதைச் சொன்னேன். மாப்பிள்ளை படி இறங்கும்போது போட்ட கூச்சலைச் சொன்னேன், லேசாகச் சிரித்தான். நேரம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது கேட்டான்:

"அப்பா, நான் இங்க இருக்கறது உங்களுக்கு நிம்மதியா இருக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை பாப்பா. சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி கேட்டான். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. மணி அடித்துவிட்டது, எழுந்து வந்துவிட்டேன்.

உனக்கு மட்டும் எழுதுகிறேன். மே மாதத்திலிருந்து நான் என் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் தூங்குகிறேன். நன்றாகத் தூங்குகிறேன்.

அண்ணன்